வேடியப்பனுக்கு நடாத பலகை

அரசு அச்சிட்ட அறிக்கையில் என் தருமபுரிப் பயணம் நான்கே வரிகளில் முடிந்துவிடுகிறது. வல்லுநர் களத்துக்குச் சென்றார்; சான்றுகள் பேணப்பட்டன; பொதுமக்கள் ஒத்துழைத்தனர்; பலகை நடப்பட்டது. இவ்வரிகளைத் தனித்தனியே எடுத்தால் ஒன்றிலும் பொய் இல்லை. நான்கையும் சேர்த்துப் படிப்பவரோ அங்கு நடந்ததற்கு நேர்மாறானதை நம்பிவிடுவார். அந்த வல்லுநர் அடியேன் என்பதால், விடுபட்டவற்றை எழுதிவைப்பது என் கடமையாகிறது.

எண்பதுகளின் நடுவில், கல்லூரிப் பணியிலிருந்து நான் ஓய்வுபெற்ற சில காலத்திற்குப் பின், தொன்மொழிச் சான்றுகளைப் பேணுவதற்கென ஒரு திட்டம் வந்தது. தருமபுரி மாவட்டத்தில் நடுகற்கள் மிகுதி. ஊரின் மாடுகளைப் பகைவர் ஓட்டிச் சென்றபோது மீட்கப் போய் மாண்டவனுக்கு அவ்வூரார் நட்ட கல்லே நடுகல். அவன் உருவத்தைச் செதுக்கி, அருகில் அவன் செய்ததை வட்டெழுத்தில் வெட்டியிருப்பார்கள். இன்றைய தமிழெழுத்து மட்டும் அறிந்தவர்களால் அதனைப் படிக்க இயலாது. எனக்கு இயலும் என்று எவரோ சொல்லியிருக்க வேண்டும், ஓலை வந்தது.

திட்டத்தில் மூன்று செலவினங்களுக்கு நிதி இருந்தது: அறிவிப்புப் பலகை, முள்வேலி, திறப்பு விழா. கல்லைப் படிப்பதற்கு நிதி இல்லை. நான் போய், கல்லில் தொல்லெழுத்து இருக்கிறது என்று ஒரு படிவத்தில் கையொப்பமிட வேண்டும். இட்டதும் பலகை நடப்படும். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்க அப்படிவத்தில் இடமே விடப்படவில்லை.

கார்த்திகை மழை ஓய்ந்த ஒரு காலையில் தருமபுரி நிலையத்தில் இறங்கினேன். திட்ட அலுவலர் மனோகரன் ஊர்தியுடன் காத்திருந்தார். முப்பது வயதுக்குட்பட்ட, இனிய முகமுடைய, கோப்புகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டே நிற்கும் இளைஞர். ஊர்தியை ஓட்டுபவர் சாதிக், உள்ளூர்க்காரர். பின்னிருக்கையில் நீல வண்ணம் பூசிய பலகைகள் கிடந்தன.

"பாத்து குந்துங்க சார், பெயிண்டு இன்னும் காயல," என்றார் சாதிக்.

"கல்லை இன்னும் நான் பார்க்கவே இல்லையே, அதற்குள் பலகையா?" என்று மனோகரனைக் கேட்டேன்.

"போர்டு போன வருஷ பட்ஜெட் சார். கல்லுதான் இந்த வருஷம்," என்றார் அவர்.

பலகையின் வாசகத்தைப் படித்தேன். இது அரசால் காக்கப்படும் தொன்மைச் சின்னம் என்றும், இதன்மேல் எண்ணெய், மஞ்சள், வண்ணம் பூசுவோரும் இதனை வழிபடுவோரும் தண்டிக்கப்படுவர் என்றும் எழுதியிருந்தது. அன்று அது எனக்கு முழு நிறைவளித்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. எண்ணெய்ப் பிசுக்கில் புதைந்த எழுத்துகளை எண்ணி நான் பல்லாண்டு வருந்தியவன்.

நண்பகலில் ஓர் எளிய உண்டிச்சாலைக்குச் சென்றோம். தஞ்சைப் பக்கத்தவனாகிய எனக்குச் சோறே உணவு. அங்கே கேழ்வரகுக் களியை ஓர் உருண்டையாக இலையில் வைத்து, நடுவில் குழித்துக் கீரைக் குழம்பை ஊற்றினார்கள். நான் மெல்ல முயன்றதைச் சாதிக் பொறுக்கமாட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மெல்லக்கூடாதுங்க சார். கிள்ளி, தொட்டு, முழுங்கிடணும். மென்னீங்கன்னா சாயந்திரம் வரைக்கும் இங்கேயேதான் இருக்கணும்."

விழுங்கினேன். பசி மறுநாள் காலை வரை எட்டிப் பார்க்கவில்லை. எங்கள் வயல்களுக்கு வரும் காவிரி இந்த மாவட்டத்தில்தான் தமிழகத்துக்குள் விழுகிறது. விழுந்த வேகத்தில் இவர்களுக்கு அதிகம் கொடுக்காமல் எங்களிடம் ஓடிவந்துவிடுகிறது. சோற்றை நாங்கள் உண்ண, களியை இவர்கள் உண்பதன் காரணத்தை அன்று இலையின் முன் அமர்ந்தே கற்றேன்.

உண்டு முடித்தபின் மனோகரன் படிவத்தை எடுத்து, எஞ்சிய இடங்களை நிரப்பத் தொடங்கினார். இத்திட்டம் வழக்கொழிந்த மொழிகளுக்கே உதவும். ஆதலால் "சான்றில் உள்ள மொழி இன்று பேசப்படுகிறதா?" என்றொரு வினா இருந்தது. பேசப்படுகிறது என்று எழுதினால் நிதி வராது.

"இல்லைன்னு போட்டுடலாங்களா சார்?" என்று தமிழில் கேட்டார்.

"கல்வெட்டின் மொழி தமிழ் அல்லவா?" என்றேன்.

"தெரியும் சார். ஆனா ஆமான்னு போட்டா ஃபைல் திரும்பி வந்துடும்."

"அப்ப இவ்ளோ நேரம் நாம என்ன பாஷையில பேசிட்டிருந்தோம்?" என்றார் சாதிக். மனோகரன் அவரைத் தேநீர் வாங்கிவர அனுப்பிவிட்டு, "இல்லை" என்று எழுதினார்.

இரண்டாம் நாள் கம்பைநல்லூர்ப் பக்கம் புறப்பட்டோம். முந்தைய ஆண்டே பலகை நட்டுப் பேணப்பட்ட கல் ஒன்று அங்கே இருந்தது. அதைக் காட்டினால் எனக்கு ஊக்கம் பிறக்கும் என்பது மனோகரனின் கருத்து. வழியில் ஊர்தி நின்றுவிட்டது. சாதிக் முன்மூடியைத் திறந்து எதையோ தட்டினார். பின்பு எங்களைத் தள்ளச் சொன்னார். பலகைகளை இறக்கிவைத்தால் எளிதாக இருக்குமே என்றேன். இறக்கினால் ஏற்றும்போது கணக்குக் காட்ட வேண்டும் என்றார் மனோகரன். பலகைகள் அமர்ந்திருக்க, வல்லுநரும் திட்ட அலுவலரும் சேற்றில் நின்று தள்ளினோம். புளிமூட்டை ஏற்றிவந்த வண்டிக்காரர் ஒருவர் இறங்கிக் கைகொடுத்ததால் ஊர்தி உயிர்பெற்றது.

ஊருக்கு வெளியே சாலையோரத்தில் பலகை நிமிர்ந்து நின்றது. மனோகரன் பெருமையோடு கைநீட்டிக் காட்டினார். அருகில் சென்றோம். பலகை இருந்தது, வேலி நட்ட குழிகள் இருந்தன, கல் இல்லை.

எதிரே தேநீர்க்கடை. அடுப்பருகில் நின்ற கடைக்காரரிடம் சென்று, "இவ்விடத்தில் இருந்த நடுகல் யாண்டுச் சென்றது?" என்று வினவினேன். அவர் என்னை ஏறிட்டுப் பார்த்துவிட்டுச் சாதிக்கிடம் திரும்பி, "அய்யரு என்னாங்க கேக்கறாரு?" என்றார்.

"கல்லு எங்கன்னு கேக்கறாரு."

"அதுவா? அதோ, பாலத்துக்குக் கீழ."

பெயர்தான் பாலம், சாலைக்குக் குறுக்கே மழைநீர் ஓட வைத்த சிறு மதகு அது. குனிந்து பார்த்தேன். மேல்மூடியாகக் கிடந்த பலகைக்கற்களில் ஒன்றின் அடிப்புறத்தில் வில்லேந்திய ஒரு முழங்கை தெரிந்தது. எழுத்திருந்த பகுதி உடைபட்டுச் சல்லியாகியிருக்க வேண்டும். சாலையின் எந்த அடியில் அது புதைந்ததென்று எவரும் சொல்ல இயலாது.

"நீங்கள் ஒருவரும் தடுக்கவில்லையா?" என்று கேட்டேன். குரல் சற்று உயர்ந்துவிட்டது.

"எதுக்குங்க தடுக்கணும்?" என்றார் கடைக்காரர், பாலை ஆற்றியபடி. "முன்னாடி அது எங்க சாமிங்க. வேடியப்பன். இந்தப் பக்கம் இந்த மாதிரிக் கல்லுக்கெல்லாம் அதாங்க பேரு. வருசா வருசம் பொங்க வெப்போம். அப்பறம் போர்டு நட்டாங்க; கும்புட்டா ஜெயில்னு போட்டிருந்துச்சு. சரின்னு உட்டுட்டோம். அதுக்கப்பறம் ரோடு போட வந்தவங்க, இது சாமிக் கல்லான்னு கேட்டாங்க. இல்லீங்க, கவருமெண்டுக் கல்லுன்னு சொன்னோம். கவருமெண்டுக் கல்ல கவருமெண்டு ரோட்டுக்குப் போட்டாங்க. இதுல நாங்க என்னங்க கேக்கறது?"

"அந்த முள்கம்பி?"

"அது ஆட்டுப்பட்டிக்கு ஆச்சுங்க. அது மட்டும் உருப்படியா இருக்குது."

மனோகரன் மட்டும் நிலைகுலையவில்லை. பலகை நல்ல நிலையில் இருப்பதாகக் குறித்துக்கொண்டு நிழற்படமும் எடுத்தார். கல் இருக்கிறதா என்று கேட்கவும் படிவத்தில் இடம் விடப்படவில்லை. திரும்பும் வழியெல்லாம், நேற்று எனக்கு நிறைவளித்த அதே பலகைகள் என் முழங்காலில் இடித்துக்கொண்டே வந்தன. மாண்டவனை அவ்வூரார் நெடுங்காலம் எண்ணெய் தடவிக் காத்தார்கள். நாங்கள் ஓராண்டு காத்தோம், முடிந்தது.

மூன்றாம் நாள் கடத்தூர்ப் பக்கம். பலகை நட வேண்டிய புதிய கல் அங்கே ஒரு கேழ்வரகுக் கொல்லையின் ஓரத்தில், புளியமரத்தடியில் இருந்தது. அவ்வழியே போகும் சாலையையும் அகலப்படுத்திக்கொண்டிருந்தார்கள். செந்துணி கட்டிய முளைகள் நேராக வந்து, மரத்தை நெருங்கியதும் சற்று வளைந்து, கடந்தபின் மறுபடி நேராயின. கல்லின் முன் உடைத்த தேங்காய் மூடி ஒன்று உலர்ந்து கிடந்தது. சாலை ஒப்பந்தம் எடுத்தவர் வேலை தொடங்கும் முன் உடைத்ததாம்.

கல்லைப் பார்த்து எனக்குச் சினம் மூண்டது. முழுதும் பச்சை வண்ணம் அப்பியிருந்தார்கள். வீரனுக்கு வெள்ளிக் கண்களும் முறுக்கிய மீசையும் எழுதியிருந்தார்கள். எழுத்திருக்க வேண்டிய இடத்தில் "உபயம்: லாரி முனுசாமி" என்று பளபளத்தது.

கொல்லையில் கதிர் அறுத்துக்கொண்டிருந்த பெண்மணி அரிவாளோடு எழுந்து வந்தார். நிலத்துக்கு உரியவர், மாதம்மாள் என்று பெயர். நாற்பதைக் கடந்திருப்பார்.

"யாருங்க நீங்க? பூமி அளக்கவா?"

"இல்லம்மா," என்றார் மனோகரன். "இந்தச் சாமியக் காப்பாத்த வந்திருக்கோம்."

மாதம்மாள் இடுப்பில் கைவைத்து, கொல்லைக்குள் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி சிரித்தார். "அடியே, கேட்டீங்களா! நம்ம வேடியப்பனக் காப்பாத்த ஜீப்புல ஆளு வந்திருக்குது! அவருதாங்க எங்களக் காப்பாத்திட்டிருக்காரு. அவருக்கு என்னாங்க ஆச்சு, ஒடம்பு சரியில்லயா?"

அவர் பார்வை ஊர்திக்குள் கிடந்த நீலத்தின்மேல் விழுந்தது. சிரிப்பு அப்படியே நின்றது.

"அது கம்பைநல்லூரு போர்டுதானுங்க?"

மனோகரன் கோப்புகளை நெஞ்சோடு இன்னும் இறுக அணைத்துக்கொண்டார்.

"எங்க அக்கா வூடு அங்கதாங்க இருக்குது. எனக்குத் தெரியும்." குரல் தாழ்ந்தது. "இந்தப் பேரு இருக்குதே, முனுசாமி, அது எங்கூட்டுக்காரருங்க. ஓசூருக்கு அந்தாண்ட லாரி பொரண்டு, கூட வந்தவங்க எல்லாம் போய், இவரு மட்டும் நடந்து வந்தாரு. அதுக்குத்தான் பெயிண்டு அடிச்சோம். இப்பவும் இங்க வந்து கும்புடாம அவரு வண்டியில ஏற மாட்டாரு. நீங்க போர்டு நட்டுட்டுப் போயிடுவீங்க. நான் யார நம்பி அவர அனுப்பறது, சொல்லுங்க?"

என் சினம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. மாண்டவன் பெயரை நினைவில் வைக்க ஒருகாலத்தில் வெட்டிய எழுத்தின்மேல், மாளாமல் வந்தவன் பெயரை எழுதியிருக்கிறார்கள். அக்கல்லுக்கு அதில் வருத்தம் இருக்கும் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஆயினும் நான் அக்கல்லைப் படிக்கவே அவ்வளவு தொலைவு வந்தவன். விளிம்பில் வண்ணம் உரிந்த சிறிய இடத்தில் வளைந்த கோடொன்று தெரிந்தது. ஐயமே இல்லை, வட்டெழுத்துதான். பையிலிருந்து தூரிகையை எடுத்தேன். மாதம்மாள் எனக்கும் கல்லுக்கும் நடுவில் வந்து நின்றார்.

"சொரண்டறதுக்கு நாள் இருக்குதுங்க. தைப்பொங்கலு முடிஞ்சி சாமி கழுவுவோம். பழைய பெயிண்ட எடுத்துட்டு, புளித்தண்ணி ஊத்தித் தேச்சா, கல்லு பொறந்த மேனிக்கு நிக்கும். அப்ப வந்து ஆற அமரப் பாருங்க. யாரும் வேணாங்க மாட்டாங்க. இப்பத் தொட்டீங்கன்னா நல்லா இருக்காது, ஆமா."

மனோகரன் படிவத்தையும் எழுதுகோலையும் என்னிடம் நீட்டினார். "எழுத்து இருக்குன்னு ஒரு சைன் போடுங்க சார். பாய் குழி தோண்டிடுவாரு. மாசக் கடைசிக்குள்ள போட்டோ அனுப்பணும்."

அந்த ஒரு கையொப்பத்தில் என்னென்ன அடங்கியிருக்கின்றன என்று முந்தைய நாளே கண்டிருந்தேன். பலகை வந்தால் வழிபாடு நிற்கும். வழிபாடு நின்றால் அது அரசின் கல். பத்தடி தள்ளிச் சாலை. செந்துணி முளைகள் நேராக ஒரு நாள் போதும். எழுத்து இல்லை என்று எழுதவும் என்னால் இயலாது, கண்ணெதிரே இருக்கிறது.

"இன்று இக்கல்லை என்னால் படிக்க இயலவில்லை," என்றேன். "படிக்காத கல்லுக்கு நான் சான்று தருவதில்லை."

"படிக்கணும்னு ரூலே இல்லையே சார். இருந்தா போதும்."

"விதி இல்லாமல் இருக்கலாம். எனக்கு அவ்வழக்கம் உண்டு."

"எப்ப படிப்பீங்க?"

"தையில்."

மனோகரன் வானத்தைப் பார்த்தார். சாதிக் குழிதோண்டும் கடப்பாரையை ஓசைப்படாமல் ஊர்திக்குள் வைத்துவிட்டார். மாதம்மாள் கொல்லைக்குள் போய், முந்தானை நிறையப் பச்சை நிலக்கடலை கொண்டுவந்து என் பையில் கொட்டினார். தூரிகை அதற்கடியில் போயிற்று.

ஒரு பலகையேனும் நடாமல் திரும்ப மனோகரனால் முடியாது என்பதை நானும் உணர்ந்தே இருந்தேன். வரும் வழியில் பழைய மைல்கல் ஒன்றைக் கண்டு ஊர்தியை நிறுத்தச் சொன்னார். வெள்ளைக்காரர் காலத்தது, எண்கள் பாதி தேய்ந்திருந்தன.

"இதுல எழுத்து இருக்கில்ல சார்?"

"இருக்கிறது."

"பழசுதானே?"

"பழையதுதான்."

"தமிழ் இல்ல. அதனால எக்ஸ்பர்ட் சைன் தேவையில்ல," என்று அவரே ஒரு விதியைக் கண்டெடுத்தார். பலகை நடப்பட்டது, அறிக்கையில் நடப்பட்டதாகச் சொல்லப்படும் பலகை இதுவே. சாலையில் போய்க்கொண்டிருந்தவர்கள் நின்று கைதட்டினார்கள். பொதுமக்கள் ஒத்துழைத்தது அப்போதுதான். வழக்கொழிந்த மொழிகளுக்கான நிதியால், சேலம் எத்தனை மைல் என்ற செய்தி அன்று பேணப்பட்டது.

தை பிறந்து பொங்கலும் கழிந்தபின், பயணப்படி எதிர்பாராமல், பேருந்தில் மீண்டும் சென்றேன். கடத்தூரில் இறங்கியபோது சாதிக் விடுப்பெடுத்து மிதிவண்டியோடு காத்திருந்தார். கடிதம் போட்டிருந்தேன்.

"சார், மைல்கல்லு போச்சுங்க."

"அதுவுமா?"

"சல்லியாயிடுச்சு. போர்டு மட்டும் நிக்குது. இங்கிருந்து சேலம் எவ்ளோ தூரம்னு இப்ப எவனுக்கும் தெரியாது. ஏறிக் குந்துங்க."

புளியமரத்தடியில் ஊரே கூடியிருந்தது. பூசாரி சின்னசாமியும் இன்னும் சிலரும் கல்லின் பச்சையைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். முனுசாமியும் வந்திருந்தார், தம் பெயர் உரிவதைச் சற்றும் கவலையின்றிப் பார்த்துக்கொண்டு நின்றார். புளித்தண்ணீர் ஊற்றித் தேங்காய் நாரால் தேய்க்கத் தேய்க்க வெள்ளிக் கண்களும் மீசையும் கரைந்தன. உள்ளிருந்து வில்லேந்திய மெலிந்த இளைஞன் ஒருவன் வெளியே வந்தான். அவனருகில், மழையில் நனைந்தாற்போல், எழுத்துகள்.

ஈர மண்ணில் மண்டியிட்டுப் படித்தேன். மாதம்மாள் என் தோளுக்குமேல் குனிந்திருந்தார்.

"என்னாங்க போட்டிருக்குது?"

"இவ்வூர் மாடுகளைப் பகைவர் ஓட்டிப்போயிருக்கிறார்கள். இவர் பின்னாலேயே சென்று மீட்டிருக்கிறார். அங்கேயே மாண்டிருக்கிறார்."

"மாடு வூடு வந்துச்சுங்களா?"

"வந்ததென்றுதான் எழுதியிருக்கிறது."

"அப்பச் சரிங்க," என்றார் அவர், அன்றுதான் மாடுகள் பட்டிக்குத் திரும்பியதைப் போல.

பெயர் கடைசி வரியில் இருந்தது. முதலெழுத்தைக் கூட்டிக்கொண்டிருந்தேன். "நேரம் ஆவுதுங்க சாமி, கொஞ்சம் தள்ளிக்குங்க," என்று சின்னசாமி ஒரு குடம் மஞ்சள்நீரைக் கல்லின் தலையோடு ஊற்றினார். அதன்மேல் எண்ணெய் இறங்கியது. அதற்கும்மேல் முனுசாமி புதிதாக வாங்கிவந்த வண்ணம், இம்முறை நீலம்.

"அந்த நிறம் வேண்டாமே," என்றேன் என்னையறியாமல். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சாதிக் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார்.

"பேரு படிக்க முடியலீங்களா? அதுக்கென்னாங்க, அடுத்த தைக்கு வாங்க," என்றார் மாதம்மாள். "இவரு எங்க போயிடப் போறாரு?"

இவ்வளவே நான் கண்டது. முதுமையால் நினைவு பிறழ்ந்து, பயிரின் பெயர், வண்ணத்தின் நிறம், மக்கள் பேசிய சொற்கள் ஆகியவற்றில் பிழைகள் நேர்ந்திருக்கலாம். அறிந்தோர் தயங்காது எழுதித் திருத்தக் கேட்டுக்கொள்கிறேன், நன்றியோடு ஏற்பேன். கடத்தூர்ப் பக்கம் என்று நான் எழுதியிருப்பதிலும் பிழை இருக்கக்கூடும். அதனைக் கண்டறிவோர் மட்டும் அருள்கூர்ந்து தம்மளவில் வைத்துக்கொள்க. அங்கே இன்னும் பலகை நடப்படவில்லை.